சேறு அப்பின ரெட் ஒயின் பாட்டில் ஒண்ணு கிஃப்ட்டா வந்திருக்கு, கழுவலாமா? பாதி ஏற்கெனவே கழுவியாச்சு!

பொன்னூர்_பாலா

வணக்கம் மக்களே. ஜெர்மனில பொன் ஊர்ல இருக்கேன், ஊரு பேரு மட்டும்தான் பொன், வாடகை கட்டி முடிச்சா கையில பித்தளை கூட மிஞ்சாது. மூணு வருஷ ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்த மாசம் குடும்பத்தோட ஊருக்கே கிளம்புறோம். நேத்து எங்க வீட்டு ஓனரம்மா (எழுபது வயசு தாண்டினவங்க, எங்க பாப்பாவுக்கு பாட்டி மாதிரி) மேல ஏறி வந்து பேப்பர்ல சுத்தின ஒரு பாட்டில கைல குடுத்தாங்க. பிரிச்சு பாத்தா பாட்டில் முழுக்க காய்ஞ்ச சேறு. வயல்ல கிடந்து எடுத்த மாதிரி. லேபிள் கிடையாது. அவங்க சொன்னது எனக்கு புரிஞ்ச வரைக்கும், இது அவங்க அண்ணன் வீட்டு தோட்டத்து ரெட் ஒயின், மலைச்சரிவுல சின்ன தோட்டம், அரை ஹெக்டேர் கூட இருக்காது, ஆர் பள்ளத்தாக்கு, வெள்ளம், அப்படின்னு ஏதேதோ. என் ஜெர்மன் பி1 லெவல்தான், அவங்க பேசினது ரைன்லாந்து பாஷை, நான் தலையாட்டி டாங்கே சொல்லி வாங்கி வச்சுட்டேன்.

அப்புறம்தான் கூத்து. என் வீட்டம்மா "என்னங்க இது இவ்ளோ அழுக்கா குடுத்திருக்காங்க"ன்னு சிங்க்ல குழாய திறந்து விட்டுட்டா. பாதி சேறு கரைஞ்சு ஓடிருச்சு. அந்த நேரம் பாத்து ஆஃபீஸ் ஃப்ரெண்டு ஃபோன்ல "ஐயோ அது சேத்தோட இருந்தாதான் மதிப்பு"ன்னு கத்துறான். இப்ப பாட்டில் ஒரு பக்கம் பளபளன்னு, இன்னொரு பக்கம் மண்ணோட, அர்த்தநாரீஸ்வரர் மாதிரி கிச்சன்ல நிக்குது.

என் சந்தேகம் இதுதான். ஒண்ணு, கழுவினது தப்பா, மீதியையும் கழுவவா விடவா. ரெண்டு, இத குடிக்கலாமா, உள்ள வெள்ளத்தண்ணி போயிருக்குமா. மூணு, எங்க மாமனாருக்கு கொண்டு போகலாம்னு ஒரு ஆசை, அவரு கம்பம் பக்கத்துல பன்னீர் திராட்சை போட்டிருக்காரு, பந்தல் தோட்டம், ஒயின் குடிக்க மாட்டாரு ஆனா திராட்சைன்னா விடிய விடிய பேசுவாரு.

இன்னொரு விஷயம், எனக்கு ஒயின் பத்தி ஒண்ணும் தெரியாது. வந்த புதுசுல சூப்பர்மார்க்கெட்ல ஒரு ரெட் வாங்கினோம், இருமல் மருந்து மாதிரி இனிப்பு, அதோட விட்டுட்டோம்.

---

கொலோன்_குமரன்

பாலா ப்ரோ, உங்க கைல இருக்கறது சாதா பாட்டில் இல்ல. அதுக்கு இங்க ஃப்ளூட்வைன்னு பேரு, அதாவது வெள்ளத்துல மாட்டின ஒயின்.

2021 ஜூலை 14 ராத்திரி ஆர் ஆறு (படிக்கவே சிரிப்பா இருக்கு, ஆனா ஆத்தோட பேரே ஆர் தான்) பொங்குச்சு. ஐஃபெல் மலைல பிறந்து ரைன்ல கலக்குற சின்ன ஆறு அது, மொத்த நீளமே சுமார் 85 கிலோமீட்டர்தான், சாதாரண நாள்ல குழந்தைங்க இறங்கி விளையாடும். ஆல்டனார்ல நீர்மட்டம் அளக்குற இடத்துல அதுக்கு முந்தின ரெக்கார்டு 2016ல வந்த 3.71 மீட்டர். அன்னிக்கு ராத்திரி அளக்குற கருவியவே ஆறு அடிச்சுட்டு போயிருச்சு, அப்புறமா சுவத்துல இருந்த கறைய வச்சு கணக்கு போட்டவங்க பத்து மீட்டர் பக்கம் வந்திருக்கும்னு சொன்னாங்க. அந்த பள்ளத்தாக்குல மட்டும் 130 பேருக்கு மேல செத்துப் போனாங்க.

அங்க தோட்டமெல்லாம் மேல மலைல, ஒயின் வைக்கிற நிலவறை எல்லாம் கீழ ஊருக்குள்ள ஆத்தோரமா. பள்ளத்தாக்கு அவ்ளோ குறுகல், கட்டடம் கட்ட வேற இடமும் கிடையாது. அதனால கொடிங்கள்ல பெரும்பகுதி தப்பிச்சுச்சு, ஏற்கெனவே பண்ணி வச்சிருந்த ஒயின்தான் போச்சு. பீப்பாய்ங்க மிதந்து தெருவுல போச்சு. பாட்டில்ங்க சேத்துக்குள்ள புதைஞ்சுச்சு. அப்படி தோண்டி எடுத்த பாட்டில்ங்கள கழுவாம சேத்தோடவே வித்து நிவாரணத்துக்கு காசு சேக்கலாம்னு ஒரு ஐடியா பண்ணாங்க, நன்கொடை குடுத்தா பாட்டில் வரும். 40 லட்சம் யூரோவுக்கு மேல சேந்துச்சு. உங்க ஃப்ரெண்டு சொன்ன "மதிப்பு" அதுதான். ஆனா உங்களுது அந்த வழியா வந்த மாதிரி தெரியல, வீட்டு பாட்டில், நேரா குடும்பத்துல இருந்து வந்திருக்கு. அதுக்கு விலையெல்லாம் யோசிக்காதீங்க.

கழுவினது பத்தி: அந்த சேத்துல வெறும் மண்ணு மட்டும் இல்ல ப்ரோ. வீட்டுக்கு வீடு ஹீட்டிங் ஆயில் டேங்க் உடைஞ்சுச்சு, சாக்கடை கலந்துச்சு. பாப்பா இருக்கற வீட்டுல சிங்க் மேல வச்சு கழுவினீங்கன்னா சிங்க நல்லா தேய்ச்சு விடுங்க முதல்ல.

---

ஓரமா_ஒருத்தன்

பேசாம பாட்டில ரேவே சூப்பர்மார்க்கெட்ல காலி பாட்டிலுக்கு டெபாசிட் காச திருப்பித் தர்ற ஃபாண்ட் மெஷின்ல போடுங்க, எட்டு சென்ட் வருதான்னு பாப்போம்

---

கொலோன்_குமரன்

ஒயின் பாட்டிலுக்கு ஃபாண்ட் கிடையாதுப்பா. வந்து எத்தன வருஷம் ஆச்சு உனக்கு.

---

சிவநேசன்_கோப்லென்ஸ்

தம்பி பாலா, உங்கட மனிசி கழுவினது ஒரு பிழையும் இல்லை. நான் அந்தச் சேத்தை அள்ளினனான், அதை வீட்டுக்குள்ள வச்சிருக்கச் சொல்லி ஒருதருக்கும் சொல்லமாட்டன்.

நான் 86இல இஞ்ச வந்தனான். 92இல இருந்து ஒரு ஆறேழு வருஷம், ஒவ்வொரு புரட்டாதி ஐப்பசியும் ஃபாப்ரிக்கில (தொழிற்சாலையில) லீவு எடுத்துப்போட்டு அதே ஆர் பள்ளத்தாக்கில டெர்னாவ், ரெக் பக்கம் முந்திரிகை புடுங்கப் போறனான். திராட்சையைத்தான் சொல்லுறன், எங்கட ஊரில முந்திரிகை எண்டுதான் சொல்லுறது. யாழ்ப்பாணத்திலயும் முந்திரிகைத் தோட்டம் இருக்கு, தோலகட்டி ஆச்சிரமத்தில வைனும் செய்யிறவை, ஆனா எங்கட மண் தட்டை, பந்தலுக்குக் கீழ நிழலில நிண்டு கைய உயர்த்திப் புடுங்கிறதுதான். அந்த நினைப்போட முதல்நாள் காலமை அங்க போய் நிமிர்ந்து பாத்தா, தோட்டம் சுவர் மாதிரி நிக்குது.

நிக்கிறதே ஒரு வேலை. ஒரு கால் மேல, ஒரு கால் கீழ, கீழ்க்காலின்ர முழங்கால் பின்னேரத்துக்குள்ள அழத் தொடங்கும். நிலம் மண்ணில்லை, சிலேட்டு. பள்ளிக்கூடத்தில எழுதின சிலேட்டுத்தான், உடைஞ்சு உடைஞ்சு தகடு தகடாக் கிடக்கும், மிதிச்சா கலகலவெண்டு சறுக்கும், சப்பாத்துக்குள்ள வந்து குத்தும். பழைய படிக்கட்டுத் தோட்டங்களில ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தடி, அதில கட்டி விட்டிருக்கும், படிகளைத் தாங்கிறது சீமெந்து இல்லாமக் கல்லை அடுக்கிக் கட்டின சுவர். மாரிக்கு எங்கயாவது ஒரு துண்டு இடிஞ்சு விழும், பேந்து அதே கல்லைப் பொறுக்கி அடுக்க வேணும், மெஷின் ஒண்டும் ஏறாது.

நாங்கள் வெட்டி வாளியில போடுவம், ஒருத்தர் முதுகில பெரிய தொட்டி கட்டிக்கொண்டு வருவார், அதுக்குள்ள கொட்டுவம், அது நிறைய நாப்பது கிலோ மட்டில வரும், அதோட அவர் அந்தச் சறுக்கலில இறங்க வேணும். சில இடத்தில ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கினம், சின்ன மோட்டார் வண்டி பல்லுச்சக்கரத்தைக் கடிச்சுக்கொண்டு உறுமி உறுமி ஏறும், அதில பெட்டிகளை ஏத்துவம், சிலவேளை களைச்சுப்போன ஆக்களையும். எங்களுக்கு வேலை தந்த வீட்டில ஒரு கிழவி இருந்தா. நாங்கள் வெட்டிப் போட்ட குலையளை எடுத்து மணந்து பாப்பா. ஒரு பழம் அழுகியிருந்தாலும் கத்தரியால அந்த ஒண்டை மட்டும் நோண்டி எடுத்துப்போட்டுத்தான் மற்றதைப் போடவிடுவா. நான் ஒருக்கா அவசரத்தில ஒரு அழுகின குலையை உள்ள போட்டிட்டன், அண்டு முழுக்க எனக்குப் பின்னால நிண்டவ.

பின்னேரம் வேலை முடிய அந்தக் கல்லில இருந்தா சூடா இருக்கும். வெயில் போய் ஒரு மணித்தியாலம் ஆகியும். ஐப்பசிக் குளிருக்கு கையை அதில வச்சுக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறது. அந்தச் சூடுதான் அந்தக் குளிர்த் தேசத்தில பழத்தைப் பழுக்க வைக்குது எண்டு கிழவி சொல்லுவா.

2021 வெள்ளத்துக்குப் பேந்து நானும் என்ர மகனும் நாலைஞ்சு சனிக்கிழமை போனனாங்கள். ஆயிரக்கணக்கில சனம் வந்தது, எங்கயிருந்தெல்லாமோ. எங்களுக்குச் சவளைத் தந்து ஒரு நிலவறைக்குள்ள இறக்கி விட்டினம். இடுப்பளவு சேறு. டீசலும் புளிச்ச வைனும் கலந்த மணம், அதை எழுத எனக்குத் தெரியாது. சங்கிலி மாதிரி நிண்டு போத்தல்களைக் கைமாத்தி மேல அனுப்பினனாங்கள். மேல ஒரு பெட்டை ஒவ்வொரு போத்தலின்ர கழுத்தையும் பெருவிரலால துடைச்சு, மூடி கிடக்கோ எண்டு பாத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எண்டு பிரிச்சு வச்சுக்கொண்டிருந்தவள். வெளியில வந்து மூச்சு விட நிமிர்ந்தா, மேல மலையில கொடியள் பச்சையா நிக்குது, குலை குலையாக் காய், ஒண்டும் நடக்காத மாதிரி.

அந்த வருஷம் அறுவடை வேண்டாம் எண்டு ஒருத்தரும் விடேல்ல. மோசல் பக்கம், மற்ற இடங்களில இருந்தெல்லாம் வைன் செய்யிற ஆக்கள் தங்கட மெஷினையும் தொட்டியையும் கொண்டு வந்து குடுத்தவை.

---

பொன்னூர்_பாலா

சிவா அண்ணா, இத படிச்சுட்டு என் வீட்டம்மாகிட்ட வாசிச்சும் காட்டினேன். இப்ப அவ மீதி சேத்த கழுவ விட மாட்டேங்கறா, உங்க பேச்ச நேர்மாறா எடுத்துக்கிட்டா, ஹிஹி.

---

சும்மா_செந்தில்

எல்லாம் சரி, வெள்ளம் சோகம்தான், அத நான் எதுவும் சொல்லல. ஆனா பொதுவா இந்த "சின்ன தோட்டம், மலைச்சரிவு, கையால பறிச்சது" எல்லாம் காசு பிடுங்குற கதைன்னுதான் எனக்கு தோணும். ஆர் ஒயின் ஒருதடவ வாங்கினேன் 19 யூரோ, தண்ணி மாதிரி கலர், கண்ணாடி டம்ளர்ல ஊத்தினா அந்தப்பக்கம் இருக்கற பேப்பர படிக்கலாம். அதே நேரம் 5 யூரோ ஸ்பெயின் ஒயின் கருகருன்னு திக்கா இருக்கு. கஷ்டப்பட்டு பண்ணா ருசி வந்துடுமா என்ன.

---

வித்யா_டுசல்டோர்ஃப்

செந்தில் சொல்றதுல பாதி நியாயம். கஷ்டப்பட்டதால ருசி வராது, கஷ்டப்பட்டதால விலை வரும், அது வேற இது வேற. சரிவுத் தோட்டத்துல ஒரு ஹெக்டேருக்கு ஆகற வேலை நேரம் சமதளத்துல மெஷின் வச்சு பண்றத விட மூணு மடங்குக்கும் மேல, அந்த கூலியத்தான் நீங்க 19 யூரோவுல கட்டுறீங்க.

ஆனா கலர் விஷயத்துல நீங்க ஏமாந்துட்டீங்க. அங்க முக்கியமா போடுறது ஷ்பேட்புர்குண்டர், அதாவது பினோ நுவார்ங்கற திராட்சை ரகம். திராட்சைல சிவப்பு இருக்கறது தோல்லதான், உள்ள சாறு கிட்டத்தட்ட வெள்ளைதான், தோலோட ஊறவச்சு நொதிக்க விட்டாதான் சிவப்பு இறங்கும். பினோ நுவார் தோல் மெல்லிசு, அதனால கலரே வெளிறிதான் இருக்கும், உலகத்துல எங்க போட்டாலும் அப்படித்தான். கலர் அடர்த்தியா இருந்தா ஒயின் நல்லா இருக்கும்னு நினைக்கறது டிகாஷன் கறுப்பா இருந்தா காபி நல்லா இருக்கும்னு நினைக்கற மாதிரி. அந்த காலத்துல ஆர் பக்கம் தோல்ல அதிகம் ஊறவைக்காம வெளிறின சிவப்புல ஒரு ஒயினே பண்ணிருக்காங்க, ஆர்பிளைஷர்ட்னு பேரு, அதுதான் அந்த ஊரு பழைய பிராண்டு.

மலைச்சரிவு ஏன்னா அது 50 டிகிரி அட்சரேகைக்கும் வடக்க இருக்கற இடம். சிவப்பு திராட்சை பழுக்கறதுக்கு ரொம்ப வடக்கு. சூரியன் தாழ்வாதான் வரும், சமதளத்துல படற வெயில் சாய்வா படும், தெக்கு பாத்த சரிவுல நேரா படும். சிவா அண்ணா சொன்ன சூடு பிடிச்சு வைக்கிற கல்லு அதோட சேந்துக்கும். ஐஃபெல் மலை மேற்குல இருந்து வர மழையில கொஞ்சத்த தடுத்துக்கும். இதெல்லாம் கூடி வந்ததாலதான் ஜெர்மனில வெள்ளை ஒயினுக்கு நடுவுல சுமார் 560 ஹெக்டேர்ல ஒரு குட்டி ரெட் ஒயின் ஏரியா, அஞ்சுல நாலு பங்கு சிவப்பு. இப்ப பூமி சூடாகுது, சமதளத்துலயும் பினோ பழுக்குது, அதனால இன்னும் முப்பது வருஷம் கழிச்சு அந்த செங்குத்து தோட்டத்த யாரு பாத்துப்பாங்கன்னு தெரியல, அதுதான் உண்மையான கவலை.

செந்திலோட சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எழுபதுகள்ல ஆர் ஒயினுக்கு பேரே கெட்டுப் போயிருந்துச்சு. பஸ்ல டூரிஸ்ட் கூட்டம் வரும், அவங்களுக்கு மெல்லிசா இனிப்பா ஒரு சிவப்பு தண்ணி ஊத்தி அனுப்புவாங்க. டெர்னாவ்ல வெர்னர் நேக்கல்னு ஒரு வாத்தியார், குடும்ப தோட்டத்த எடுத்துக்கிட்டு எண்பதுகள்ல விளைச்சல குறைச்சு, இனிப்பில்லாம, சின்ன ஓக் பீப்பாய்ல வச்சு பண்ண ஆரம்பிச்சாரு, அப்புறம்தான் மத்தவங்களும் மாறினாங்க. அவரோட பொண்ணுங்க ரெண்டு பேரும் வெள்ளத்து ராத்திரி ஒயின காப்பாத்த போயி தண்ணில அடிச்சுட்டு போய் ஒரு மரத்த பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா தொங்கி பிழைச்சாங்க, பேப்பர்லயே வந்துச்சு.

இப்ப பாலாவுக்கு. உங்க முதல் அனுபவம் இருமல் மருந்துன்னு சொன்னீங்கல்ல, பாட்டில்ல "லீப்லிஷ்"னு போட்டிருந்திருக்கும், அது இனிப்பு வகை. "ட்ரோக்கன்"னு போட்டிருந்தா இனிப்பு இருக்காது. அத மட்டும் பாத்து வாங்குங்க, மீதிய அப்புறம் கத்துக்கலாம்.

அந்த பாட்டில்: மூடி கார்க்கா, திருகு மூடியா? திருகுன்னா அந்த மரைக்குள்ள சேறு போயிருக்கும், நான் குடிக்க மாட்டேன். கார்க்குன்னா வாய்ப்பு உண்டு. க்ளவுஸ் போட்டு கழுத்து வரைக்கும் சோப்பு போட்டு கழுவி துடைச்சிட்டு, மேல இருக்கற உறைய பாதி வெட்டாம முழுசா உரிச்சு எடுங்க, அதுக்கு கீழதான் அழுக்கு ஒளிஞ்சிருக்கும். பாட்டில் வாய திரும்ப துடைச்சிட்டு கார்க்க இழுங்க. இழுத்ததும் கார்க்க படுக்க வச்சு பாருங்க: ஒயின் பக்கம் மட்டும் சிவப்பா நனைஞ்சு மேல் பக்கம் காய்ஞ்சிருந்தா நல்லது. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கோடா கறை ஓடிருந்தா கசிஞ்சிருக்கு. மோந்து பாருங்க, பெட்ரோல் பங்க் வாசனை லேசா அடிச்சாலும் சிங்க்ல கொட்டிடுங்க, சென்டிமென்ட் பாக்காதீங்க. அடில மண்டி மாதிரி தங்கியிருந்தா அது சேறு இல்ல, பழைய ரெட்ல அது சகஜம், ஆட்டாம ஊத்தி கடைசி வாய விட்டுடுங்க.

லேபிள் இல்லன்னாலும் கார்க்லயே பல பேரு தோட்டத்து பேரும் வருஷமும் சுட்டு வச்சிருப்பாங்க, அத பாருங்க. ஃப்ரிட்ஜ்ல ஒரு இருபது நிமிஷம் வச்சுட்டு குடிங்க, இந்த ஊரு ஹீட்டிங் போட்ட ரூம் சூட்டுல பினோ சப்புன்னு ஆயிடும். காரமா எதும் பண்ணாதீங்க அன்னிக்கு, மிளகு லேசா போட்ட கோழி, இல்ல காளான், அவ்ளோதான்.

ஊருக்கு கொண்டு போறது: ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் சுங்க வரி இல்லாம கொண்டு போகலாம், செக்-இன் பேக்ல போடுங்க. ஆனா சேத்தோட கொண்டு போகாதீங்க. வெளிநாட்டு மண்ண இந்தியாவுக்குள்ள பர்மிஷன் இல்லாம கொண்டு வரக்கூடாது, செடி நோய் வந்துடும்னு. அதுவும் திராட்சை தோட்டத்து மண்ண திராட்சை தோட்டத்துக்காரர் வீட்டுக்கேவா கொண்டு போவீங்க, மாமனார் கொடில ஏதாவது ஆச்சுன்னா உங்க நிலைமைய யோசிச்சு பாருங்க.

---

சும்மா_செந்தில்

ஃப்ரிட்ஜ் மேட்டர் எனக்கு யாரும் சொல்லல. நான் ஹீட்டர் பக்கத்துல வச்சிருந்து குடிச்சேன். சரி விடுங்க, இன்னொரு தடவ ட்ரை பண்றேன், 19 யூரோவுக்கு இல்ல ஆனா.

---

வித்யா_டுசல்டோர்ஃப்

அதே பள்ளத்தாக்குல மைஷோஸ்ங்கற ஊர்ல விவசாயிங்க கூட்டுறவு இருக்கு, 1868ல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது. கால் ஹெக்டேர், அரை ஹெக்டேர் வச்சிருக்கறவங்க தனியா பாட்டில் போட்டு கட்டுப்படி ஆகாதுன்னு ஒண்ணா சேந்தவங்க. விலை கொஞ்சம் கம்மியா கிடைக்கும், அங்கருந்து ஆரம்பிங்க.

---

பொன்னூர்_பாலா

அப்டேட் மக்களே. லேட் ஆயிடுச்சு, பேக்கிங்ல உயிர் போகுது.

வித்யா சொன்னத படிச்சுட்டு தனியா திறக்க தைரியம் வரல, நேத்து சாயங்காலம் ஓனரம்மாவ மேல கூப்பிட்டோம். பாதி கழுவின பாட்டில பாத்ததும் திட்டுவாங்கன்னு நினைச்சேன், அவங்க உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க. அவங்க அண்ணன் வீட்டுல மீதி பாட்டில் எல்லாத்தையும் அந்த வருஷமே டூத்பிரஷ் வச்சு கழுவிட்டாராம், இத யாருய்யா சேத்தோட பாத்துக்கிட்டு இருக்கறதுன்னு. இந்தம்மாதான் நாலு பாட்டில அப்படியே எடுத்து வச்சிருக்காங்க, இது மூணாவது. முதல் ரெண்டு யாருக்கு குடுத்தீங்கன்னு கேட்டேன், பிளம்பருக்கு ஒண்ணு, அண்ணன் வீட்டுல சேறு அள்ளின ஒரு பையனுக்கு ஒண்ணுன்னாங்க. எனக்கு எதுக்குன்னு கேக்கல.

கார்க்குதான். உறைய உரிச்சா கீழ ஒரு வட்டமா சாம்பல் கலர்ல மண்ணு, மாவு மாதிரி. துடைச்சு இழுத்தோம், உடையாம வந்துச்சு. கார்க்ல 2018னு சுட்டிருக்கு, அடில மட்டும் சிவப்பு, மேல சுத்தம். நான் நாலு தடவ மோந்தேன், என் வீட்டம்மா ரெண்டு தடவ, ஓனரம்மா மோக்கவே இல்ல, நேரா ஊத்திட்டாங்க. 2018 செம வெயில் வருஷம், அண்ணன் அப்படி பழுத்து பாத்ததே இல்லன்னு சொன்னாராம்.

ருசி எப்படி சொல்றது. இனிப்பு துளி கூட இல்ல. முதல் வாய் புளிப்புதான் தெரிஞ்சுச்சு, முகத்த சுளிச்சேன். ரெண்டாவது வாய்ல நாவல்பழம் தின்னா நாக்கு ஒரு மாதிரி பிடிக்கும்ல, அந்த துவர்ப்பு, ஆனா அவ்ளோ முரடா இல்ல. விழுங்கினதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் எங்கயோ புகை மாதிரி ஒண்ணு நிக்குது. என் வீட்டம்மா களாக்காய்னா. செந்தில் சொன்ன மாதிரி கலர் வெளிறிதான் இருந்துச்சு, டம்ளர் வழியா பாப்பா வரைஞ்ச படம் தெரிஞ்சுச்சு. பிடிச்சுச்சான்னா, ஒரு டம்ளர் முடிச்சுட்டு இன்னொண்ணு நானா கேட்டு வாங்கினேன், அத வச்சு முடிவு பண்ணிக்கோங்க.

அப்புறம் மாமனாருக்கு வீடியோ கால் போட்டு ஓனரம்மாவையும் அவரையும் பேச விட்டோம், நான்தான் நடுவுல மொழிபெயர்ப்பு. அவரு கேட்ட முதல் கேள்வி, ஒரு கொடில எத்தன கிலோ எடுப்பாங்க. அந்தம்மா, நல்ல ஒயினுக்கு ஒரு கிலோ, மிஞ்சினா ஒன்றரை கிலோ, அதுக்கு மேல காய்ச்சா சின்ன காயா இருக்கறப்பவே வெட்டி கீழ போட்டுடுவோம்னு சொன்னாங்க. மாமனார் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "கீழயா போடுவாங்க?"ன்னாரு. ஆமாங்க மாமான்னேன். "வருஷத்துக்கு எத்தன வெட்டு?" ஒண்ணுதான்னேன். "அப்புறம் என்னத்துக்குடா மலை மேல போயி கொடி வளக்குறாங்க, பொழுது போகலையா?" இத நான் அந்தம்மாவுக்கு மொழிபெயர்க்கல.

காலி பாட்டில ஒரு பக்க சேத்தோட இங்கயே ஓனரம்மாகிட்ட குடுத்துட்டேன், அவங்க வாசல் ஜன்னல்ல வச்சுட்டாங்க. பதிலுக்கு 2022 வருஷத்து பாட்டில் ஒண்ணு, சுத்தமா லேபிளோட, மாமனாருக்குன்னு குடுத்திருக்காங்க.

ஞாயித்துக்கிழமை அந்த தோட்டத்த பாக்க டெர்னாவ் போறோம், அண்ணன் வந்து காட்டுறேன்னு சொல்லிருக்காரு. தோட்டங்களுக்கு நடுவுல ரெட் ஒயின் நடைபாதைன்னு முப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகுதாமே, அதுல பாப்பாவோட ஒரு ரெண்டு கிலோமீட்டர் நடக்கலாமா சிவா அண்ணா? ஸ்ட்ரோலர் போகுமா?

---

கொலோன்_குமரன்

டைம் இருந்தா ஆர்வைலர்ல அந்த பங்கரையும் பாத்துட்டு வாங்க ப்ரோ. பொன் மேற்கு ஜெர்மனிக்கு தலைநகரா இருந்தப்ப அணுகுண்டு போட்டா மொத்த கவர்ன்மென்ட்டும் போய் ஒளிஞ்சுக்கறதுக்கு இதே ஒயின் மலைக்குள்ளதான் 17 கிலோமீட்டருக்கு சுரங்கம் வச்சிருந்தாங்க. மேல திராட்சை, கீழ மந்திரி சபை. இப்ப அதுல ஒரு சின்ன பகுதி மியூசியம்.

---

சிவநேசன்_கோப்லென்ஸ்

நடக்கலாம் தம்பி, வடிவான பாதை, ஆனா வண்டில் எல்லா இடமும் போகாது, பிள்ளையை முதுகில போடுற பை இருந்தா அதைக் கொண்டு போங்கோ. பாதையில நிண்டு பாத்தாக் காணும், அந்த அண்ணர் கூப்பிட்டா மட்டும் தோட்டத்துக்குள்ள இறங்குங்கோ. ஒருதரும் வழுக்கிற சப்பாத்துப் போடாதேங்கோ. மழை பெய்ஞ்சு காயாட்டி அந்தச் சிலேட்டு சவர்க்காரம் மாதிரி. நான் ரெண்டு தரம் வாளியோட போயிருக்கிறன், ரெண்டு தரமும் கிழவி முதல்ல வாளியைத்தான் பாத்தவ.